அக்காவின் தேதி

1

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். நாட்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆங்கிலம் பேசுகிற ஒரு குளிர்நாடு, அதில் பால்பவுடர் ஆலை ஒன்றை நம்பிப் பிழைக்கும் ஒரு சிறிய ஊர், அந்த ஆலையில் நான் வெல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவற்றையும் மாற்றிவிட்டால் இது வேறு யாருக்கோ நடந்தது போல எனக்கே தோன்றிவிடும். அப்படித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

சென்ற மே மாதம் என் மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது முடிந்தது. காகிதப்படி. பள்ளியிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. அவள் அம்மா அமுதா வழக்கம்போலக் கேக் வாங்கி வந்தாள். தர்ஷினி மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு, "என் கிளாஸ்லயே நான்தான் குட்டி" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகளை வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் போடுகிறார்கள். படிப்பில் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, வயது பிசகக் கூடாது. அவள் தோழிகள் எல்லோரும் அமுதாவைவிட உயரம். இவள் அவர்களுக்கு நடுவில் நின்றால் யாருடைய தங்கையோ வழி தவறி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆறு மாதமாக நீச்சல் வகுப்புக்கு அவள் போகவில்லை. சளி, தலைவலி, கால்வலி என்று என் கையெழுத்தில் அவளே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். விளையாட்டு ஆசிரியை அதைக் கண்டுபிடித்துத் திட்டாமல் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எல்லோரும் பெரியவர்களாகிவிட்டார்கள், நான் மட்டும் ஆகவில்லை என்று அழுதிருக்கிறாள். அங்கிருந்து பள்ளி நர்ஸ், அவரிடமிருந்து எங்கள் குடும்ப டாக்டர், அவரிடமிருந்து மாவட்ட மருத்துவமனையின் வளர்ச்சிப் பிரிவு என்று கடிதம் கைமாறி, கடைசியில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. "பருவ வளர்ச்சி தாமதமா என்று பார்க்க" என்று அதில் இருந்தது.

அமுதா அதை என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். காகிதப்படி என்று மேலே எழுதினேனே, அதைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

2

எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இங்கே யாருக்கும் இது தெரியாது.

முதல் பெண் விழுப்புரத்தில் ஒரு மே மாதத்தில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிறந்ததால் நகராட்சியில் பதிவாகி, பிறப்புச் சான்றிதழும் கைக்கு வந்தது. நம் பக்கத்தில் பெயர் வைக்க நாள் பார்ப்பார்கள் அல்லவா, அதனால் சான்றிதழில் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பிறகு ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை அவள் எல்லோருக்கும் பாப்பா.

நான் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தேன். பாப்பாவை நான் போட்டோவில்தான் பார்த்தேன். நான்காவது மாதத்தில் ஒரு நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அமுதா திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாய்வீட்டில் இருந்தாள். தம்பி குமாருடன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியிருக்கிறாள். விக்கிரவாண்டி தாண்டும்போது மடியில் இருந்த பிள்ளை அழுகையை நிறுத்தியது, தூங்குகிறது என்று நினைத்தேன் என்று பிற்பாடு ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். நான்கு மாதப் பிள்ளையின் சாவை யாரும் போய்ப் பதியவில்லை. பதிய வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. பிறப்புச் சான்றிதழை மட்டும் அமுதா பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டாள்.

பாப்பா பிறந்து ஒன்றரை வருஷம் கழித்துக் கார்த்திகை மழையில் தர்ஷினி பிறந்தாள். ஊருக்குள் முழங்கால் அளவு தண்ணீர், வண்டி எதுவும் வர முடியவில்லை. அடுத்த தெருவில் இருந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் வந்து பிரசவம் பார்த்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மல்லாட்டை விதைப்பு முடியட்டும் என்றார் மாமனார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். விதைப்பு முடிந்தது, அறுவடையும் முடிந்தது, பதிவை எல்லோரும் மறந்தே போனோம்.

அவளுக்கு மூன்று வயது ஆகப்போகும்போது பதினைந்து நாள் லீவில் வந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டார்கள். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் தாமதப் பதிவுக்கு மேலே ஆர்டர் வாங்க வேண்டும், அலைய வேண்டும் என்று தெரிந்தது. பதினைந்து நாளில் அது நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் அந்த பிளாஸ்டிக் கவர் என் கண்ணில் பட்டது. பெண் குழந்தை. அப்பா பெயர் சரி, அம்மா பெயர் சரி. குழந்தை பெயர் காலி.

"அது அவளோடதுங்க" என்றாள் அமுதா.

"காயிதம்தான அமுதா" என்றேன்.

விழுப்புரம் நகராட்சியில் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டேன். தர்ஷினி என்று எழுதினேன். அதை வாங்கிய குமாஸ்தா நல்ல மனிதர். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லா இருக்குதா சார்?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து தர்ஷினிக்கு ஒன்றரை வயது கூடிவிட்டது. அந்தத் தேதியில்தான் ஆதார், அதில்தான் பாஸ்போர்ட், அதில்தான் இந்த நாட்டு விசா. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அதிலும் அதே தேதிதான்.

3

வளர்ச்சிப் பிரிவுக்குப் போகும் முன்னால் ஒரு பெண் போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். அமுதா ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் பாதி புரியும், பேச வராது. வேண்டும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த வட்டாரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிற இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். "நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றேன்.

ஒரு பிள்ளை சரியாக வளர்கிறதா என்று பார்ப்பதற்கு இவ்வளவு முறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் என்றால் பாவாடை கட்டையாகிவிட்டது என்பதுதான் கணக்கு. இங்கே நர்ஸ் அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தலைக்கு மேல் பலகையை இறக்கி மூன்று முறை அளந்தார். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தார். நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர். கையை விரிக்கச் சொல்லி அளந்தார். உட்காரவைத்து அளந்தார். பிறகு என்னையும் அமுதாவையும் நிறுத்தி அளந்தார்கள். அப்பா அம்மா உயரத்தை வைத்துப் பிள்ளை ஏறக்குறைய எவ்வளவு வளரும் என்று கணக்குப் போடுவார்களாம்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர், பொறுமைசாலி. முக்கியமானதையெல்லாம் தர்ஷினியிடமே பேசினார். ஷூ அளவு சமீபத்தில் மாறியதா என்று கேட்டார். போன மாதம்தான் ஷூ கடிக்கிறது என்று புதிதாக வாங்கினோம். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. உடம்பு வளரத் தொடங்கும்போது முதலில் பாதம்தான் நீளுமாம். பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் நடந்ததை அமுதாதான் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தர்ஷினியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் செய்தார்களாம். பருவ வளர்ச்சியை ஐந்து படிகளாக வரைந்த படங்களைக் காட்டி, உனக்கு எது பொருந்துகிறது என்று அவளையே கேட்டார்களாம். அவள் முதல் படியைக் காட்டியிருக்கிறாள். டாக்டரும் அதையே குறித்துக்கொண்டார்.

என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, அம்மாவுக்கு எத்தனை வயதில் அது தொடங்கியது என்று கேட்டார். தாய்க்குத் தாமதம் என்றால் மகளுக்கும் தாமதமாகலாம்.

"நீ எப்போ வயசுக்கு வந்தேன்னு கேக்கறாங்க" என்றேன் அமுதாவிடம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை. அவள் முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"பத்தாவது பரிச்ச முடிஞ்ச லீவுல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நம் ஊரில் நாகரிகமாகச் சொல்வதாக நினைத்துச் சொல்வோமே, அதையே டாக்டரிடம் எடுத்துவிட்டேன். 'ஷி அட்டெண்டெட் ஏஜ் ஆஃப்டர் டென்த்' என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்தினார். எதற்கு அட்டெண்ட் பண்ணினார், ஏதாவது வகுப்புக்கா என்று கேட்டார். தர்ஷினி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "ஐயோ அப்பா, பீரியட்ஸ்னு சொல்லு" என்றாள். நால்வரும் சிரித்தோம். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு டாக்டர் கணினியைத் திருப்பி ஒரு வரைபடம் காட்டினார். ஏர் ஓட்டிய சால்கள் போல வளைந்து வளைந்து ஏறும் கோடுகள். கீழே வயது, பக்கத்தில் உயரம். எந்தக் கோட்டில் போனாலும் தவறில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு உண்டு, சீக்கிரம் தொடங்குகிறவளும் சரி, நான்கைந்து வருஷம் கழித்துத் தொடங்குகிறவளும் சரி என்றார். தர்ஷினியின் புள்ளி எல்லாக் கோடுகளுக்கும் கீழே கிடந்தது. நான் மனதுக்குள் அதை ஒன்றரை வருஷம் இடப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். அழகாகக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்தது.

"இந்த வரைபடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் நாங்கள் மூன்று முறை அளக்கிறோம். வயதை மட்டும்தான் அளப்பதில்லை. அது நீங்கள் கொடுப்பது" என்றார் டாக்டர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

4

இடது கையை எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். விரல் எலும்புகளின் நுனியில் வளர்வதற்கென்று இடைவெளி இருக்கும், வயது ஏற ஏற அது மூடிக்கொண்டு வரும். பல வயதுப் பிள்ளைகளின் கைப்படங்கள் உள்ள ஒரு புத்தகத்தோடு ஒப்பிட்டு, இந்தக் கைக்கு இத்தனை வயது என்று சொல்லிவிடுவார்களாம். பிற்பகலில் மறுபடி கூப்பிட்டார்கள்.

"எலும்பின் வயது பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே. பதினான்கு இருக்க வேண்டும்" என்றார் டாக்டர்.

எனக்கு அந்த எக்ஸ்ரேவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அமுதாவும் நானும் சொல்லாததை என் பெண்ணின் கை சொல்லிவிட்டது. அதை நம்பாமல், நான் கொடுத்த எண்ணை நம்பினார்கள்.

அம்மாவைப் போலத் தாமதமாக வளரும் பிள்ளையாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஆனாலும் தைராய்டா, மரபணுவா, மூளையின் அடியில் இருக்கும் சுரப்பியா என்று பார்க்காமல் விட முடியாது. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் தலையை ஸ்கேன் எடுக்கலாம், ஆறு மாதத்தில் உடம்பு தானாகத் தொடங்காவிட்டால் குறைந்த அளவில் ஹார்மோன் மாத்திரை. "நீ எதுவும் தவறாகச் செய்ததால் இல்லை" என்று தர்ஷினியின் முழங்காலைத் தொட்டுச் சொன்னார். தர்ஷினி தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. உடனே போனை எடுத்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். பிரசவம் எப்படி நடந்தது, இது எத்தனையாவது கர்ப்பம் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அமுதா பதில் சொன்னாள். என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து, தமிழில் சொன்னாள்.

"ரெண்டாவது."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "மொத பொண்ணு நாலு மாசத்துல தவறிப் பூட்டா. இவ ரெண்டாவது. சொல்லுங்க" என்றாள்.

"ஃபர்ஸ்ட்" என்றேன் டாக்டரிடம். "நோ ப்ராப்ளம்."

அதைச் சொல்லியிருந்தால் அங்கே ஒன்றும் ஆகியிருக்காது. இறந்த பிள்ளை இருந்தது என்பதால் யாருக்கும் விசா போவதில்லை. ஆனால் பிறந்த பிள்ளைகள், இறந்த பிள்ளைகள் எல்லோரையும் எழுதுக என்று கேட்ட குடியுரிமை விண்ணப்பத்தில் நான் ஒருத்தியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தையலைப் பிரித்தால் சட்டையே கழன்றுவிடும் என்று பயம். டாக்டர் எதையோ தட்டச்சு செய்தார். 'ஃபர்ஸ்ட்' என்ற சொல் அமுதாவுக்குப் புரியும். அவள் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

5

காரில் பாதி வழி வந்திருப்போம். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அம்மா செகண்டுன்னு சொன்னாங்க. நீ ஏன் ஃபர்ஸ்டுன்னு சொன்ன?"

நான் தர்ஷினியைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். தமிழே மறந்துவிட்டது, ஒரு கேள்வி கேட்டால் இங்கிலீஷில்தான் பதில், பாட்டுகூடக் கேட்பதில்லை என்று. இங்கே அவள் பேச்சாக நான் எழுதியிருப்பதும் பெரும்பாலும் இங்கிலீஷில் பேசியதுதான். அவளுக்குப் போனது நாக்கு மட்டும்தான். காது அப்படியே இருந்திருக்கிறது. வீட்டில் என்னவெல்லாம் அவளுக்குப் புரியாது என்று நினைத்துப் பேசினோமோ என்று திக்கென்றது.

சாலையோரம் ஒரு டயர்க் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அமுதாதான் சொன்னாள். மழை, பஸ், சான்றிதழ், விழுப்புரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் செய்ததைச் சொல்லும்போது மட்டும் "நாங்க" என்று சேர்த்துச் சொன்னாள். அதற்கு எனக்குத் தகுதி இல்லை.

"அப்போ எனக்கு எவ்ளோ வயசு?" என்றாள் தர்ஷினி.

"பன்னெண்டரை."

அவள் கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ நான் லேட் இல்ல?"

"இல்லம்மா. நீ சரியாதான் இருக்கற" என்றேன்.

சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இத்தனை நாள் அதை அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தவன் நான்தான் என்பது உறைத்தது. பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"அவ பேர் என்ன?"

"பேர் வெக்கலடி. பாப்பான்னு கூப்பிட்டுக்கினு இருந்தோம்" என்றாள் அமுதா.

"ஆனா அந்தப் பேப்பர்ல என் பேர் இருக்கே." அவள் முன்சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டினாள். "அப்போ மே மாசம் நான் கேக் வெட்டினேனே, அது அவளோட பர்த்டேயா?"

"நான் வருஷா வருஷம் அவளுக்குன்னுதான் கேக்கு வாங்கினேன்" என்றாள் அமுதா. எனக்கு அது தெரியாது. அன்றைக்குத்தான் நானும் கேட்கிறேன்.

6

அமுதாவின் தம்பி குமார் திண்டிவனத்தில் விதைக்கடையில் வேலை செய்கிறான். தேதியைச் சரிசெய்ய வழி உண்டா என்று அவனைக் கேட்டிருந்தேன். நாலு இடத்தில் விசாரித்துவிட்டு ஒரு வாரம் கழித்து அழைத்தான்.

"மாமா, இது பெரிய பேஜாரு. மொதல்ல பாப்பா செத்ததை இப்போ பதியணும், அதுக்கு ஆர்டர் வாங்கணும். அப்புறம் தர்ஷினி பொறந்ததைப் பதியணும், அதுக்கு ஒரு ஆர்டர். நாலு மாசத்துல செத்த பொண்ணு எப்படி ஸ்கூல்ல சேந்துச்சுன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"தெரியல மாப்ளே."

"அந்த நர்ஸம்மாவும் இப்போ இல்ல. சாட்சிக்கு யாரக் காட்டறது? வுட்டுடுங்க மாமா. எங்கயோ நல்லா இருக்கறீங்க, அப்படியே இருந்துக்கினு போங்க."

ஊரில் சரிசெய்தாலும் இங்கே அது தானாகச் சரியாகாது. பாஸ்போர்ட்டில் தேதி மாறினால் ஏன் மாறியது என்று இவர்கள் கேட்பார்கள். பொய்யான தகவல் தந்தால் எல்லாம் ரத்தாகலாம் என்ற வரிக்குக் கீழேதான் என் கையெழுத்து இருக்கிறது. வக்கீல் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன்.

இதற்கு நடுவில் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். ஹார்மோன் காலையில்தான் சரியாகத் தெரியும் என்று எட்டு மணிக்கே வரச் சொன்னார்கள். ஐந்து குப்பிகள். முதல் இடத்தில் நரம்பு கிடைக்காமல் மறு கையிலும் குத்தினார்கள். தர்ஷினி அழவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "அப்பா, டெஸ்ட் எனக்கா, அவளுக்கா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். நான் கார் சாவியைத் தேடுவது போல பாக்கெட்டைத் துழாவினேன்.

அடுத்த சந்திப்புக்குத் தேதி வந்தது. தலை ஸ்கேன் பற்றி அன்று முடிவெடுப்பார்களாம். அமுதா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊசி குத்தறது இவளுக்கு. தேதி அவளுது. இன்னும் எத்தினி நாளைக்குங்க?"

"சொன்னா நம்மள அனுப்பிடுவாங்க அமுதா."

"அனுப்பினா எங்க அனுப்புவாங்க? திண்டிவனத்துக்குத்தானே? அது இன்னா காடா? நான் அங்கதான பொறந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தாக்காரி வாயால ரெண்டாவதுன்னு சொன்னேன். நீங்க அத மாத்திச் சொன்னீங்க. அன்னிக்கு இன்னொரு தடவ பூட்டா அவ."

சொல்லிவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். தர்ஷினி அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அவளுக்கு இங்கே மூன்று தோழிகள் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்க இடம் கிடைத்திருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தேதான் சத்தியம் செய்தேன்.

7

அமுதாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. வாசல்வரை வந்து, "பயப்படாம சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தாள்.

சொல்ல வேண்டியதைத் தப்பில்லாத ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். நான்கு வாக்கியம். தாள் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே போனதும் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே காத்திருந்தேன்.

புது நர்ஸ் ஒருத்தி, இளம்பெண், கோப்போடு வந்தாள். சரியான பிள்ளைதானா என்று பார்க்க, பெயரும் பிறந்த தேதியும் சொல்லும்மா என்று தர்ஷினியிடம் கேட்டாள்.

தர்ஷினி பெயரைச் சொன்னாள். பிறகு ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். இப்போதுதான் சமயம், இதைவிட நல்ல சமயம் வராது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். நாள், மே மாதம், வருஷம். ஒரு தடுமாற்றம் இல்லை. என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

"சரியாக இருக்கிறது" என்று நர்ஸ் டிக் அடித்தாள்.

ரத்தத்தில் பெரிதாக எதுவும் இல்லை, சுரப்பி இப்போதுதான் விழிக்கத் தொடங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் பதினான்கு வயது என்பதால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம், கடிதம் வரும் என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என்னைத்தான் கேட்டார். அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். மேசைக்கு அடியில் தர்ஷினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். இல்லை என்றேன்.

காரில் ஏறியதும் அவள் தமிழில் பேசினாள். எனக்காக ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள்.

"ஸ்கேன் வலிக்காதுப்பா. கூகுள்ல பாத்தேன். ஆறு மாசத்துல எனக்கு அது வந்துடும், அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. லெட்டர் வந்தா நான் எடுத்துடறேன். அம்மாகிட்ட நீ சொல்லிட்டேன்னு சொல்லிடு."

அப்படியெல்லாம் செய்யக்கூடாதும்மா என்று ஒரு அப்பன் சொல்லியிருக்க வேண்டும். நான் வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அமுதா வேலையிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓட்டல் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"சொல்லிட்டீங்களா?"

தர்ஷினி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எழுதிக்கினாங்க."

அமுதா அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி அவள் முகத்தில் வந்தது.

"அப்பாடா" என்றாள். "இனிமேலாச்சும் அந்தத் தேதி அவளுக்கே இருக்கட்டும்."